எங்கள் தெருவின் ஆவாரப்பன்கள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு கிடங்கில் நான் பட்டை மேஸ்திரியாக இருந்த காலத்தில், பயப்படுவதற்கு எனக்குக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. பல்லி சத்தம் போட்டால் பயம். போடாவிட்டால், ஏன் சும்மா இருக்கிறது என்று பயம். இப்படிப்பட்டவனுக்கு முதல் இரண்டு குழந்தைகளும் ஆறு மாதம் தாண்டாமல் போய்விட்டன. மூன்றாவதாக ஒரு பையன் பிறந்தான். அழுதால் வைத்தியரிடம் ஓடுவேன். தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். அதில் விழித்துக்கொண்டு அழுவான். மறுபடியும் ஓடுவேன்.

பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த குழந்தையை வேறொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் ஒரு படி தவிடு கொடுத்துப் பிள்ளையை வாங்கிப் பெயர் வைப்பாள். பிறகு வளர்ப்பதற்கென்று நம்மிடமே திருப்பிக் கொடுப்பாள். பிள்ளை நம்முடையது இல்லை என்று ஆகிவிட்டால், நம் வீட்டைக் குறிவைத்து வரும் கெடுதல் ஏமாந்து போய்விடுமாம்.

வாங்குவதற்கு நான் பிடித்த ஆள், கிடங்கில் ஆவாரம்பட்டை இடிக்கும் ஓர் அம்மாள். ஏழு பெற்று ஏழையும் வளர்த்தவள். அவள் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. உச்சி வெயிலில் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேரே பட்டை இடிக்கும் இடத்துக்குப் போய் நின்றேன்.

"இன்னா மேஸ்திரி, இங்க வந்து கேட்டா தவுட்டுக்கு நான் எங்க போவேன்?" என்றாள். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்க வேண்டும். முறத்திலிருந்து இரண்டு கை பட்டைத் தூளை அள்ளி என் துண்டின் முனையில் போட்டாள். "இத்த வச்சிக்க. செத்த ஆட்டுத் தோலயே கெட்டுப்போவாம காப்பாத்துது. உம் புள்ளயக் காப்பாத்தாதா? ஆவாரப்பன்னு கூப்புடு, போ."

வீட்டில் மனைவி துண்டை அவிழ்த்துப் பார்த்தாள். "தவுட்டுக்கு விக்கச் சொன்னா பட்டைக்கு வித்துட்டு வந்து நிக்கிறீங்களே! இது செல்லுமா?"

செல்லுமா என்ற அந்த ஒரு வார்த்தை என்னை ஒரு வருஷம் தூங்கவிடவில்லை. கிடங்கில் தோல் தரம் பிரிக்கும் பாய் என்னுடைய தோஸ்த். அவரிடம் கேட்டேன்.

"வாணியம்பாடி, பேரணாம்பட்டு, வேலூர் எங்கியும் இப்டி ஒரு பேரு நான் கேட்டதில்ல மேஸ்திரி," என்றார். "உன் புள்ள காணாமப் போனா தேடறது சுலபம்."

"காணாமப் போறதப் பத்தி ஏன் பாய் பேசறீங்க?" என்று கேட்டுவிட்டு அன்றைக்குச் சோறு இறங்காமல் கிடந்தேன்.

பையன் ஆறு மாதம் தாண்டினான். ஒரு வயது தாண்டினான். கிடங்கில் தோல் ஊறும் பட்டைக் குழியில் விழுந்து மஞ்சளாக எழுந்து வந்தான். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. மூன்று பிள்ளையை இழந்த ஒரு வண்டிக்காரன் மனைவி, அடுத்துப் பிறந்த பையனுக்கு அதே பெயரை வைத்தாள். அதைப் பார்த்து இன்னொரு வீடு, பிறகு இன்னும் இரண்டு. ஐந்து வருஷத்தில் ஒரே தெருவில் ஐந்து ஆவாரப்பன்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. பெயருக்கு அர்த்தம் கேட்டு வந்தவர்களுக்கு, பெரிய பண்டிதன் மாதிரி, "கெட்டுப்போகாதவன்னு அர்த்தம். பழைய பேரு. இப்ப யாருக்குத் தெரியுது?" என்று அளந்துவிட்டேன். ஒரு வீட்டில் அதற்கு எனக்கு அதிரசம்கூடக் கொடுத்தார்கள்.

அப்புறம் மூன்று வருஷம் கழித்து வண்டிக்காரன் மகனுக்குக் காய்ச்சல் கண்டது. நாலு நாளாகியும் இறங்கவில்லை. பையன் கண்ணைத் திறக்கவில்லை என்றார்கள்.

நல்ல மனிதனாக இருந்தால் ஐயோ பாவம் என்று நினைத்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எமனுடைய ஆள் ஆவாரப்பன் என்ற பெயரை விசாரித்துக்கொண்டு வருவான். ரயிலடிப் பக்கமிருந்து வந்தால் எங்கள் தெருவில் முதல் வீடு என்னுடையது. வெயிலில் வந்த களைப்பில் அவன் எத்தனை வீடு விசாரிப்பான்? முதலில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

அன்று முதல் வீட்டில் மகன் பெயரை யாரும் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டேன். நான் அவனை "தே, இங்க வா" என்றே கூப்பிட்டேன். மனைவி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவன் இன்னா, போலீஸ் தேடற ஆளா? இன்னாங்க பேஜாரு உங்களோட?"

அதோடு விட்டேனா? நோயாளியின் பெயரை மாற்றிவிட்டால் ஆபத்தே இல்லையே என்று தோன்றிவிட்டது. ஆறுதல் சொல்வதுபோல் போய், "கொஞ்ச நாளைக்குக் குழந்தைய வேற பேருல கூப்புடுங்கம்மா" என்று சொல்லிவிட வேண்டியது. வழியெல்லாம் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே, மத்தியானம் கிடங்கிலிருந்து நழுவி அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

வண்டிக்காரன் மனைவி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழப் பார்த்தாள், முடியவில்லை.

"அண்ணா, நீயே வந்துட்டியா? உன்னக் கூட்டியாரச் சொல்லணும்னுதான் இருந்தேன். இந்தப் பேருக்குக் கெட்டுப்போகாதவன்னு அர்த்தம் சொன்னியே, அது நெசந்தானே?"

அர்த்தத்தை நான் எங்கிருந்து கொண்டுவந்தேன் என்று எனக்கல்லவா தெரியும்? இரண்டு கை பட்டைத் தூளிலிருந்து. ஆனால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வேறு பெயர் வை என்று சொல்ல அதைவிடத் தைரியம் வேண்டும்.

"நெசந்தாம்மா," என்றேன்.

"அப்டின்னா நீ கூப்புடு. உம் புள்ள பொழச்சான் இல்ல? உன் வாயால கூப்ட்டா இவனுக்குக் கேக்கும்."

எந்தப் பெயர் என் வீட்டில் எழக்கூடாது என்று உத்தரவு போட்டேனோ, அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். முதல் தடவை எமனுக்குக் கேட்காத குரலில்தான். "சத்தமா அண்ணா!" என்றாள். சத்தமாகக் கூப்பிட்டேன். வாசலில் தடதடவென்று ஓசை. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மற்ற நாலு ஆவாரப்பன்களும் வந்து நின்றார்கள். முன்னால் என் மகன்.

"இன்னாப்பா, கூப்ட்டியே?"

எவனை ஒளித்து வைத்தேனோ அவனை நானே கூவி அழைத்து, காய்ச்சல் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டேன். போ என்று விரட்ட வாய் திறந்தேன். அதற்குள் அவள், "நிறுத்தாத அண்ணா," என்றாள்.

நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவை நான் கூப்பிடும்போதும் வாசலில் நாலு குரல்கள் "இன்னா?" என்றன. அவர்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மறுநாளும் மத்தியானம் போனேன். தொண்டை கட்டிக்கொண்டது. "ஏலம் போடப் போறியா மேஸ்திரி?" என்று பாய் கேட்டார்.

மூன்றாம் நாளும் போய் உட்கார்ந்து, கட்டின தொண்டையோடு கூப்பிட்டேன். வாசலில் நாலு "இன்னா" கேட்டது. கொஞ்சம் பொறுத்து, ஐந்தாவதாக ஒன்று, மடியிலிருந்து.

அவள் பிள்ளையின் முகத்தோடு முகம் வைத்து அழுதாள். நான் அதற்கும் பயந்துபோய், நாலு பேரையும் தாண்டித் தெருவுக்கே ஓடிவந்துவிட்டேன்.