மஞ்சள் புள்ளி வைத்த முட்டைகள்

போன ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிறு காலை. இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, பென்னலூரில் இருக்கும் என் அறைக்கு நடந்துகொண்டிருந்தேன். ஏரிக்கரை ஓரம், லாரிகள் நிறுத்துவதற்காகப் பொக்லைனால் மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். வாரிய பள்ளத்தின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். மறுபடியும் பக்கெட் இறங்கப் போனது.

"அண்ணே, நிறுத்துங்கண்ணே!" கையை ஆட்டிக்கொண்டு ஓடினேன்.

"பாம்பு முட்டைபா அது! தள்ளிப் போ," என்றார் ஓட்டுநர்.

"பாம்பு முட்டை நீளமா, தொட்டா அமுங்கும்ணே. இது உருண்டையா, கெட்டியா இருக்கு பாருங்க. ஆமை முட்டை!"

"நீ இன்னா, ஆமை டாக்டரா?"

டாக்டர் இல்லை, விலங்கியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். படித்தது ஆமையும் தவளையும், செய்வது போல்ட் முடுக்கும் வேலை என்று அறை நண்பர்கள் தினமும் ஓட்டுவார்கள்.

"டீ குடிச்சிட்டு வரேன். அதுக்குள்ள எத்துகினு போ."

அள்ளப் போன கை சட்டென்று நின்றது. கோழி தன் முட்டையைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். ஆமை முட்டை புரண்டாலோ, உள்ளே மேல்பக்கம் ஒட்டி வளரும் கரு செத்துப்போகலாம். வகுப்பில் படித்தது. ஆனால் உருண்டையை எடுத்த பிறகு மேல் எது, கீழ் எது?

சட்டைப் பையில் லைன் மார்க்கர் இருந்தது. போல்ட்டை முடுக்கியாகிவிட்டது என்பதற்கு அடையாளமாக மஞ்சள் புள்ளி வைப்போமே, அதேதான்! முட்டைகள் கிடந்தபடியே ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்னப் புள்ளி. டிபன் பாக்ஸில் ஈரமண் பரப்பி, புள்ளி மேலே பார்க்கும்படி அடுக்கி, கரை மேட்டில் அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைத்து மூடினேன்.

"முட்டைக்கெல்லாம் பொட்டு வச்சிகீறியே!" என்று சிரித்த ஓட்டுநர், நாய் நோண்டாமல் இருக்க அவரே முள் வெட்டி மேலே போட்டார். அவர் வீடும் கரையடியில்தான். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

கோடையில் அந்த மண் பாறையாக இறுகியது. போகும்போதெல்லாம் பார்ப்பேன், ஒன்றும் இல்லை. நம்பிக்கையே போய்விட்டது. மழை பிடித்த ஒரு காலை, போன் அடித்தது.

"தம்பி, ஓடியா! உன் புள்ளைங்க வந்துகினு கீதுங்க!"

செருப்புகூடப் போடாமல் ஓடினேன். சேற்றைக் கீறிக்கொண்டு, காசு அகலக் குஞ்சுகள் ஏரியைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தன! ஒன்றின் முதுகில் ஒரு துண்டு முட்டை ஓடு. அதில் என் மஞ்சள் புள்ளி! இரண்டு பேரும் கத்திய கத்தலில் கரையில் மேய்ந்த மாடுகள் மிரண்டன.

இன்றும் லைனில் ஒரு போல்ட்டுக்குப் புள்ளி வைக்கும்போது, அதே புள்ளியைச் சுமந்துகொண்டு தண்ணீரில் இறங்கிய அந்தக் குஞ்சு கண்ணில் வரும். நான் படித்ததும் வீணில்லை, செய்கிற வேலையும் சின்னதில்லை என்று கை ஒரு நொடி நிதானிக்கும்.