எலக்ட்ரானிக் ஷட்டரும் மாயவன் மீசையும்

பொங்கல் கழிந்த வாரத்தில் ஒரு மனிதர் தன் மீசையை இழந்தார். காரணம், நான்.

பதறாதீர்கள். கத்தி என் கையில் இல்லை. என் கையில் இருந்தது கேமரா.

அந்தக் கேமராவைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பே பெருமை அடித்திருக்கிறேன். 'மீடியம் ஃபார்மட்' என்பார்கள். பெயரில்தான் மீடியம். தூக்கினால் செங்கல். ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார், மற்ற கேமராக்களில் இருப்பதைவிட ரொம்பப் பெரியது. செகண்ட் ஹாண்டில்தான் வாங்கினேன். வாங்கிய அன்றே என் சேமிப்பும் என் வீட்டுக்காரரின் பொறுமையும் ஒன்றாகத் தீர்ந்துபோயின. அதற்கென்றே செய்யப்பட்ட லென்ஸை வாங்க இனி வழியில்லை.

என்ன செய்வது? பாரீஸில் இருக்கும் என் பள்ளித் தோழி, அங்கே பழைய சாமான் சந்தையில் ஃபிலிம் காலத்து லென்ஸ் ஒன்றைப் பிடித்து, லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்தாள். நடுவில் அடாப்டர் என்று ஒரு வளையம். அதை மாட்டினால் பழைய லென்ஸ் புதுக் கேமராவில் ஜம்மென்று உட்கார்ந்துகொள்ளும்.

ஒரே ஒரு சிக்கல். ஒளிக்குக் கதவு மாதிரி திறந்து மூடுகிற ஷட்டர் இந்தக் கேமராவின் உடம்பில் கிடையாது. அதற்கென்று செய்த லென்ஸ்களுக்குள்தான் இருக்கும். என் பழைய லென்ஸிலும் இல்லை. கேமராவிலும் இல்லை. அப்புறம்?

எலக்ட்ரானிக் ஷட்டர் இருக்கிறதே! எதுவும் திறக்காது, எதுவும் மூடாது, 'க்ளிக்' சத்தம்கூட வராது. சென்சாரே படத்தை மேலிருந்து கீழே வரிவரியாகப் படித்துக்கொள்ளும் — நாம் பேப்பர் படிப்பதைப் போல. பெரிய சென்சார் அல்லவா... கொஞ்சம் நிதானமாகவே படிக்கும். 'அசையாத பொருள்களுக்கு மட்டும்' என்று விற்றவர் ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்? பாண்டிச்சேரியில் கேமரா வைத்திருக்கும் நாங்கள் எதை எடுக்கிறோம்? மஞ்சள் சுவர். வெள்ளை ஜன்னல். மறுபடியும் மஞ்சள் சுவர். எந்தச் சுவராவது எழுந்து ஓடியதுண்டா? படங்கள் அபாரமாக வந்தன. காரை பெயர்ந்த இடத்தில் ஒவ்வொரு மணல் துகளும் தெரிந்தது. நானும் மேதையாகிவிட்டேன் என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

அப்போதுதான் தமிழரசி கேட்டாள்.

தமிழரசி வீராம்பட்டினத்துக்காரி. முதலியார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருபவள்.

"இம்மாம் பெரிய கேமரா வச்சிக்கினு செவுத்தயே எடுத்துக்கினு இருக்கீங்களே அக்கா... காணும் பொங்கலுக்கு எங்க ஊருக்கு வாங்க. கட்டுமரப் போட்டி வச்சிருக்காங்க."

"நான் எதுக்கு?"

"எங்க ஊட்டுக்காரரும் என் தம்பியும் மோதறாங்க. போன வருசம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் எல்லக் கொம்பத் தாண்டுனாங்க. நாந்தான் மொதல்லன்னு ஊட்டுக்காரரு சொல்றாரு. இல்ல, நாந்தான்னு தம்பி சொல்றான். அன்னிக்கி நின்னுது பேச்சு. எந்தம்பி எங்க ஊட்டு வாசப்படி ஏறி ஒரு வருசம் ஆவுது. நான் ரெண்டு பக்கமும் மாட்டிக்கினு முழிக்கறேன். நீங்க ஒரு போட்டோ எடுத்துட்டா எல்லாம் முடிஞ்சிடும்."

அவள் வீட்டுக்காரர் மாயவன். தம்பி வேலு. இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லையே தவிர, சவாலில் குறைச்சல் இல்லை. சவாலும் தமிழரசி வழியாகத்தான் போய் வந்தது. தோற்றவன் மீசையை எடுத்துவிட வேண்டும்!

மாயவனின் மீசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவர் தெருமுனையில் திரும்பினால் மீசை முதலில் வரும், மனிதர் பின்னால் வருவார். வேலுவின் மீசை சின்னது. ஆனால் அதை அவன் சீவிவிட்டுக்கொள்ளும் பக்குவத்தைப் பார்த்தால், அதற்கும் ஒரு பெரிய எதிர்காலம் இருப்பதாகத் தெரியும்.

இப்படிப்பட்ட வழக்கில் சாட்சி சொல்ல என் கேமராவைக் கூப்பிட்டால் நான் மாட்டேன் என்பேனா?

போட்டி, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில். தண்ணீர் அங்கே அடங்கியிருந்தது. ஆளுக்கொரு சின்னக் கட்டுமரம், கையில் ஒற்றைத் துடுப்பு. எல்லைக்கு அடையாளமாகச் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் கொம்பு. நான் கருங்கல் கொட்டிய கரைமேல் ஏறி, கொம்புக்கு நேர் எதிரே நின்றுகொண்டேன். என் பக்கம் வேலுவின் மரம். அதற்கு அந்தாண்டை மாயவனின் மரம்.

விசில். ஊரே கத்தியது. தமிழரசி மட்டும் கத்தவில்லை. யார் பெயரைச் சொல்லிக் கத்துவாள்? முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு மரங்களும் ஒன்றாகவே வந்தன. கொம்பைத் தாண்டும் கணத்தில் அழுத்தினேன்.

சத்தமே இல்லை.

"எடுத்துட்டீங்களா, இல்லையா?" என்று பக்கத்தில் இருந்தவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

எதிர்பார்த்த மாதிரியே தகராறு. மாயவன் என்று பாதிப் பேர். வேலு என்று மீதிப் பேர். போட்டி நடத்தியவர்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். யாரோ ஒருவர், "தோ, மொதலியார்பேட்ட அக்கா எடுத்துருக்காங்க. போட்டோ பொய் சொல்லுமா?" என்று குரல் கொடுத்தார்.

கூட்டம் என்னைச் சூழ்ந்தது. பின்பக்கத் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். ஒவ்வொரு நீர்த்துளியும் முத்து மாதிரி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. வேலுவின் மரம் ஒரு ஜாண் முன்னால்.

மாயவன் ஈரத்தோடு வந்து குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

வேலு துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். இல்லை. மாயவனைவிட அதிக நேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயித்தும் அடக்கமாக இருக்கிறானே, என்ன பண்பு என்று வியந்தேன். எனக்கு இளநீர் வந்தது. நாற்காலி வந்தது. 'ஜட்ஜம்மா' என்று ஒருவர் அழைத்தார். மறுக்கவில்லை.

மறுநாள் காலையில் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாராட்டுக்காகத்தான்.

அவர் காபியை உறிஞ்சிக்கொண்டே கேட்டார். "வேலுவோட துடுப்பு என்ன, ரப்பரா?"

"மரம்."

"அப்புறம் ஏன் அரிவாள் மாதிரி வளைஞ்சிருக்கு?"

பார்த்தேன். வளைந்துதான் இருந்தது. மேல்முனை ஒரு பக்கம், அடிமுனை வேறு பக்கம். நேரான மரத்துண்டு எப்படி வளையும்? வேகமாக அசைகிற துடுப்பின் மேல்முனையைச் சென்சார் படித்துவிட்டு அடிமுனைக்கு வருவதற்குள், துடுப்பு நகர்ந்துவிட்டிருக்கிறது!

படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.

துடுப்புக்கு நடந்தது கட்டுமரத்துக்கும் நடந்திருக்குமே? மாயவன் தூரத்தில் இருந்தார். அதனால் படத்தில் மேலே இருக்கிறார். சென்சார் அவரை முதலில் படித்திருக்கிறது. வேலு கிட்டே இருந்தான், படத்தில் கீழே. அவனிடம் வந்து சேர்வதற்குள் அவன் இன்னும் கொஞ்சம் துடுப்புப் போட்டு முன்னேறிவிட்டான். ஒரே படம்தான். ஆனால் மேலே ஒரு நேரம், கீழே இன்னொரு நேரம். அந்த ஒரு ஜாண் வெற்றி வேலுவின் கை வலிமையால் வந்ததா... என் கேமராவின் சோம்பலால் வந்ததா?

தமிழரசிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீராம்பட்டினம் பறந்தேன். மீசையைக் காப்பாற்ற ஸ்கூட்டரில் பறந்த முதல் ஆள் அநேகமாக நான்தான்.

வீட்டு வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ ஒரு புது ஆள் உட்கார்ந்திருந்தார். உறவினர் போல.

"மாயவன் இருக்காரா?"

"நாந்தாங்க்கா" என்றார் அவர்.

வெயிலில் கறுத்த முகத்தில், மூக்குக்குக் கீழே மட்டும் வெளுத்த ஒரு பட்டை. அதில் ஒரு மச்சம். தமிழரசி உள்ளேயிருந்து வந்தாள். "பாத்தீங்களாக்கா? கண்ணாலம் ஆனதுலேர்ந்து இவருக்கு இங்க ஒரு மச்சம் இருக்குதுன்னு இன்னிக்கித்தான் எனக்கே தெரியும்."

நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கதவில்லாத கேமரா, வரிவரியாகப் படிக்கும் சென்சார், வளைந்த துடுப்பு. என்னால் முடிந்த அளவு எளிமையாகச் சொன்னேன். "அந்தப் படத்தை வச்சி முடிவு பண்ணியிருக்கக் கூடாது" என்று முடித்தேன்.

தமிழரசி யோசித்தாள். "அப்ப யாருதான் ஜெயிச்சது?"

"அது தெரியாது."

"தெரியாதா? அத தெரியாதுன்னு சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க? போன மீசய ஒட்டவா முடியும்?"

ஸ்கூட்டர் சாவியைத் திருகிக்கொண்டு நின்றேன்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன், சோற்றுக் கையோடு எழுந்து வாசலுக்கு வந்தான். வேலு! ஒரு வருஷத்துக்குப் பிறகு, ஜெயித்த தெம்பில், அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறான். நான் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருந்தது.

மாயவன்தான் முதலில் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நாந்தாங்க்கா மொதல்ல வந்தேன். கொம்பத் தாண்டறப்பவே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் நேத்தே சொல்லல?"

"போட்டோல அவன் முன்னால இருந்தானே. பாத்ததும் எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. சரி, நம்ம கண்ணுதான் தப்புப் பண்ணியிருக்கும்னு நெனச்சேன். அம்மாம் பெரிய கேமரா தப்புப் பண்ணுமா?"

வேலு எச்சில் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "எனக்கும் தெரியும் மாமா" என்றான். "ஒங்க மரத்து மூக்கு எனக்கு முன்னால போனத இந்தக் கண்ணால பாத்தேன். போட்டோல என்னாடான்னா நான் முன்னால நிக்கறேன். சாமி குடுத்துதுன்னு கம்முனு இருந்துட்டேன்."

ஒரு வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் 'மாமா'. தமிழரசி சட்டென்று உள்ளே திரும்பிக்கொண்டாள். அடுப்பில் ஏதோ கருகுகிறது என்றாள். எனக்கு ஒரு கருகல் வாசனையும் வரவில்லை.

யோசித்துப் பாருங்கள். தண்ணீரில் இருந்தது இரண்டே பேர். யார் முந்தியது என்று இரண்டு பேருக்குமே தெரியும். போன வருஷம் கேமரா இல்லை, அவரவர் தம் கண்ணை நம்பினார்கள், சண்டை போட்டார்கள். இந்த வருஷம் கண்ணை விட்டுவிட்டு கேமராவை நம்பினார்கள், மீசை போயிற்று. நாம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? உடம்பு அனலாகக் கொதிக்கும்போது தெர்மாமீட்டர் நார்மல் என்று காட்டினால், காய்ச்சலைத்தானே சந்தேகப்படுகிறோம்?

வேலு கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனான். கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டான் என்று நினைத்தேன். தமிழரசி முகம் வாடியது. "திரும்பவும் மொதல்லேர்ந்தா?" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான். மூக்குக்குக் கீழே ஒன்றுமில்லை. சலூன் பவுடர் மட்டும் இருந்தது.

"சவால்னா சவால்தான் மாமா" என்றான்.

மாயவன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் வந்தது ஒரு சிரிப்பு. மூடி மறைக்க மீசை இல்லாததால், பல் மொத்தமும் தெரிய, தோள் குலுங்க ஒரு சிரிப்பு. வேலுவும் சேர்ந்துகொண்டான். தமிழரசி தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டும் உரிச்ச கோழியாட்டம் நிக்குதுங்க பாருங்கக்கா!"

பரிகாரம் செய்யாமல் எப்படி விடுவது? அடுத்த ஞாயிறு கேமராவோடு போனேன். அதே பழைய லென்ஸ். வீட்டு நிழலில் இரண்டு நாற்காலி போட்டு இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

"ஆடக் கூடாது."

"மூச்சு வுடலாமா?" என்று கேட்டார் மாயவன்.

"விடலாம். மெதுவா."

சுவர் மாதிரி உட்கார்ந்தார்கள். அந்த லென்ஸுக்கு அதுதானே வேண்டும்? சொல்கிறேன், அப்படி ஒரு படம் என் வாழ்நாளில் எடுத்ததில்லை. உப்புக் காற்று அரித்த தோல், கண்ணோரச் சுருக்கம், கத்தி பட்ட கீறல், அந்த மச்சம், காலையில்தான் மறுபடி சலூனுக்குப் போய்வந்த வேலுவின் காதில் ஒட்டியிருந்த பவுடர்... ஒரு மயிரிழை பிசகவில்லை. துளி வளைவில்லை. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் அடைத்து எடுத்துப் போனேன்.

மூன்று பேரும் பார்த்தார்கள்.

"இது நானில்லக்கா" என்றார் மாயவன்.

"எனக்கு இவ்ளோ பெரிய காதா?" என்றான் வேலு. "ஒங்க மிசினு மறுபடியும் தப்பு பண்ணிடுச்சிக்கா."

"இல்ல வேலு. நீங்கதான் ஆடவே இல்லையே? இதுல தப்பு வரவே வராது. இது அப்படியே உண்மை" என்று நான் வாதாடினேன். ஒரு பொய்ப் படத்தைப் பத்து நொடியில் நம்பியவர்களிடம், ஓர் உண்மைப் படத்துக்காக அரை மணி நேரம் வாதாடினேன். எடுபடவில்லை.

மாயவனுக்கு என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. "உடுங்கக்கா. வருத்தப்படாதீங்க. அந்தப் போட்டிப் படம் இருக்குதில்ல? அதப் பெருசா போட்டுக் குடுங்க. அதுலதான் நாங்க நாங்களாட்டம் இருக்கறோம்."

போட்டுக் கொடுத்தேன். வளைந்த துடுப்பு, இல்லாத வெற்றி, இரண்டு முழு மீசைகள். இப்போது அது மாயவன் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு மேலே தொங்குகிறது.

உண்மைப் படம் எங்கள் வீட்டுப் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது — அசையாமல்.