பார்சல் ஆபீஸ் தந்த எடைச் சீட்டு

இங்கிலாந்தில் மனிதனின் எடையை ரகசியமாகத்தான் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரியில் என்னைத் தராசில் ஏற்றிய நர்ஸ் அம்மாள், அறையில் எங்களைத் தவிர ஓர் ஈகூட இல்லாதபோதும் கதவைச் சாத்தினாள். முள் நின்ற இடத்தைப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து, இழவுச் செய்தி சொல்கிற குரலில், "இருபத்து மூன்று ஸ்டோன், மிஸ்டர் மாசிலாமணி" என்றாள். நம் கணக்கில் நூற்று நாற்பத்தாறு கிலோ. "இதில் மறைக்க என்ன இருக்கிறது? நான் வாசலில் நுழையும்போதே தெரிந்திருக்குமே" என்றேன். அவள் மன்னிப்புக் கேட்டாள். இங்கே எதற்கும் மன்னிப்புதான். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இடமில்லாமல் நிற்கிறவன்கூட என்னிடம்தான் மன்னிப்புக் கேட்கிறான். தாம்பரத்தில் என்றால் கண்டக்டர், "அண்ணா, ரெண்டு டிக்கெட் எடு, இல்லேன்னா பாதி உடம்ப வூட்லயே வச்சிட்டு வா" என்பார். பஸ்ஸே சிரிக்கும், நானும் சிரிப்பேன், விஷயம் அதோடு தீர்ந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேறு ஆளில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் இரும்பைப் பிடித்துக்கொண்டேன். தாம்பரத்துப் பட்டறையில் வெல்டிங் கற்று, அறுபதுகளின் நடுவில் இந்த நாட்டு வேலைச் சீட்டு வாங்கி, பாய்லர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தேன். நான் போட்ட தையலில் இன்றுவரை ஒரு சொட்டு நீராவி கசிந்ததில்லை. டிகிரி வாங்கிய இஞ்சினீயர்கள் என் கைவேலையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்ப்பார்கள். ஆனால் பாய்லருக்கு உள்ளே வேலை செய்ய வேண்டுமென்றால் மேன்ஹோல் வழியாகத்தான் இறங்க வேண்டும். அந்த ஓட்டை எனக்காக வளரவில்லை, நான்தான் வளர்ந்தேன். போன வருஷம் ஒருநாள் இடுப்போடு அதில் மாட்டிக்கொண்டேன். நாலு வெள்ளைக்காரர்கள் கிரீஸ் தடவி இழுத்தார்கள், இழுத்துவிட்டு அவர்களே மன்னிப்பும் கேட்டார்கள். மறுநாள் ஃபோர்மேன் கூப்பிட்டார். அடுத்த வருஷத்துக்குள் உள்ளே இறங்க முடியாவிட்டால் கேட்டில் நாற்காலி போட்டுத் தருகிறோம், வருகிற லாரியைக் குறித்துக்கொள்ளலாம் என்றார். மாசிலாமணி லாரி எண்ணுவதா?

அதற்குத்தான் இந்த ஆபரேஷன். குடலில் பெரும்பகுதியைச் சோற்றின் வழியிலிருந்து விலக்கிவிட்டு, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். தின்றது உடம்பில் ஒட்டாமல் போய்விடும். கத்தி வைக்கப்போகிறவரை எல்லோரும் 'மிஸ்டர்' என்றே அழைத்ததால், கம்பவுண்டரிடம் தள்ளிவிட்டார்களோ என்று முதலில் எனக்குச் சந்தேகம். இந்த நாட்டில் ஆபரேஷன் செய்கிற டாக்டர் பெரியவராக ஆக 'டாக்டர்' போய் 'மிஸ்டர்' ஆகிவிடுவாராம். அவர் படம் வரைந்து காட்டினார். எனக்கு அது பைப் லைன். "ஜாயிண்டை இன்னும் கொஞ்சம் சாய்வாக வையுங்கள், அடைக்காது" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

ஆனால் கத்தி எடுப்பதற்கு முன் அனுமதி வேண்டும். நம் ஊரில் ரேஷன் கார்டு வாங்கியவனுக்கே அனுமதி என்றால் என்னவென்று தெரியும். ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். சாப்பாட்டுக் கணக்கு எழுதும் பெண் எவ்வளவு சோறு என்று கேட்டாள், ஒரு தட்டு என்றேன். தட்டின் அளவைக் கேட்டாள். வரைந்து விட்டமும் போட்டுக் கொடுத்தேன், அவளுக்கு அது தாம்பாளமாகத் தெரிந்தது. பிறகு மனநல டாக்டர். எப்போது சாப்பிடுவீர்கள் என்றார். பசிக்கும்போது. பசிக்காதபோது? யாராவது பரிமாறும்போது. பட்டறையில் உங்களுக்குப் பட்டப்பெயர் உண்டா? உண்டு, ரோடு ரோலர். அவர் முகம் வாடிப்போயிற்று. அது எவ்வளவு வலித்திருக்கும் என்று கேட்டு, காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். எனக்குச் சளி இல்லை என்று திருப்பித் தள்ளினேன். அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதிக்கொண்டார்.

கடைசியாக ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். நான் பல வருஷமாகவே குண்டு, இளைக்க முயன்றும் முடியவில்லை என்று பழைய டாக்டர் எழுதித்தர வேண்டும். கிழக்குத் தாம்பரத்தில் எனக்கு மாத்திரை கொடுத்துவந்தவர் டாக்டர் ஞானமுத்து, முப்பது வருஷப் பழக்கம். எழுதினேன், அவரும் நேராக ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவிட்டார். மிஸ்டர் என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். 'இவர் திடகாத்திரமானவர். ஒருநாளும் நோயென்று படுத்ததில்லை. ஒழுக்கம் உள்ளவர், ஆலயத்துக்குத் தவறாமல் வருபவர். எடை பதினொரு ஸ்டோன். எந்தப் பொறுப்புக்கும் இவரை மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன்.' என் ஃபைல் அலமாரியின் அடித்தட்டுக்குப் போயிற்று.

டாக்டர் மேல் தப்பில்லை. நம் பக்கத்தில் கடிதம் என்றாலே நற்சான்றிதழ்தான். பாதிரியாரிடம் போனாலும் ஹெட்மாஸ்டரிடம் போனாலும் கேட்டவனைத் தூக்கித்தான் எழுதுவார்கள். இறக்கி எழுதச் சொல்லி எவனும் போனதில்லை. கிறிஸ்துமஸ் லீவில் நானே விமானம் ஏறினேன்.

தாம்பரத்தில் இறங்கியதும் எனக்கு வியாதி போய்விட்டது. பார்த்தவர்களெல்லாம் "சீமைச் சாப்பாடு நல்லா புடிச்சிக்கிச்சு" என்று மகிழ்ந்தார்கள். என் மனைவி எஸ்தரின் தம்பி தாவீது, பக்கத்து ராஜகீழ்ப்பாக்கத்துக்காரன், என்னைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனான்.

"டாக்டர், ஏன் அப்படி எழுதினீங்க?"

"பின்ன எப்படி எழுதறது? உனக்கு கம்ப்ளெயிண்ட் இருக்குன்னு எழுதினா அவன் கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவான்னு பயந்துட்டேன். வெள்ளைக்காரன் முன்னாடி உன்னைக் குண்டன்னு எழுத எனக்குக் கை வரல, மாசிலாமணி."

"நான் குண்டுதானே டாக்டர்?"

"அது நமக்குள்ள."

உள்ளேயிருந்து டாக்டர் வீட்டம்மா கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் தட்டோடு வந்து, "ரொம்ப இளைச்சிட்டீங்களே" என்றார். மரியாதைக்காக முழுத் தட்டையும் தின்றேன்.

நான் மேன்ஹோல் கதையையும் கேட்டில் போடப்போகும் நாற்காலியையும் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. சரி, இம்முறை உள்ளதை எழுதுகிறேன், எடையை நானே பார்த்து எழுதுகிறேன் என்றார். கிளினிக் தராசில் ஏறினேன். முள் ஒரு சுற்று ஓடி, எண்களெல்லாம் தீர்ந்த இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தாவீதுதான் வழி சொன்னான். மூன்று பேரும் தாம்பரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸுக்குப் போனோம்.

அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசு. போர்ட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா டாக்டர், இத்த எங்க அனுப்பணும்?"

"லண்டனுக்குப்பா. முதல்ல வெயிட்டப் பாரு."

"அண்ணா, ஆடாம நில்லு. முள்ளு டான்ஸ் ஆடிக்கினு கீது."

இரண்டாவது பிளாட்பாரம்வரை கேட்கும்படி கத்தினார்: "நூத்தி நாப்பத்தெட்டு கிலோ."

வந்த மூன்று வாரத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தேன். ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெரியவர் தன் மூட்டையைத் தூக்கிப் பார்த்து நிம்மதியடைந்தார். நான் எல்லோருக்கும் கும்பிடு போட்டேன். கிளார்க் மட்டும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். சீட்டில் என்ன பொருள், எப்படிக் கட்டியிருக்கிறது என்று எழுதாமல் முத்திரை குத்த அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் 'ஆள் ஒன்று, கட்டு இல்லை' என்று எழுதிக் குத்திக் கொடுத்தார். டாக்டர் கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, என் கையைப் பிடித்து, "இப்படி ஆபரேஷன் பண்ணினவங்களுக்குப் பத்து வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு யாருக்கும் தெரியாதுடா. யோசிச்சியா?" என்றார். முப்பது வருஷத்தில் அவர் என்னை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை.

இங்கே திரும்பிக் கொடுத்ததும், மிஸ்டர் அந்தச் சீட்டைக் கண்ணாடிச் சட்டத்தில் வைக்க வேண்டிய பொருளைப்போல ஏந்தினார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான், உடனே மன்னிப்பும் கேட்டார். அனுமதி கிடைத்தது. அதோடு ஒரு தாளையும் தள்ளினார். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு ஆயுள் முழுக்க ரத்தம் பார்க்க வேண்டும், உப்புச் சத்து குறைந்தால் உடனே ஏற்ற வேண்டும், அதனால் இந்த ஆஸ்பத்திரிக்கு எட்டும் தூரத்திலேயே குடியிருக்கச் சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது.

"லீவுக்குப் போகலாமா?"

"தாராளமாக."

"போய் இருந்துவிடலாமா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். இந்த நாட்டில் 'இல்லை' என்பதற்கு அதுதான் வார்த்தை.

கையெழுத்துப் போட்டேன். எட்டாம் வகுப்பு என்றாலும் என் கையெழுத்து அழகு. இப்போது வரிசையில் இருக்கிறேன், ஏழெட்டு மாதம் ஆகுமாம். ஃபோர்மேன் அதுவரை நாற்காலியை மடித்து வைத்திருக்கிறார்.

போன வாரம் தாவீதின் கடிதம் வந்தது. நாங்கள் ஓய்வுக்கு வந்து இருப்பதற்காக ராஜகீழ்ப்பாக்கத்தில் அவன் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். நான் கையெழுத்துப் போட்டது அவனுக்கு இன்னும் தெரியாது. 'மச்சான், வாசக்கால் வச்சாச்சு. உங்க அளவுக்கு நாலரை அடி அகலம் வைக்கச் சொன்னேன். ஆசாரி, வர்றது ஆளா லாரியான்னு கேட்டான். சித்தாள் ரெண்டு பேர் தலைல கலவைச் சட்டியோட எதிரும் புதிருமா இடிக்காம போறாங்க. குளிக்கிற ரூம் கதவும் அதே அகலம். நீங்க எவ்ளோ தின்னாலும் கவலையில்ல.'

எஸ்தர் இரண்டு முறை படித்தாள். "அகலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதட்டுமாங்க?" என்றாள்.

வேண்டாம் என்றேன். இங்கே என்னை மேன்ஹோல் அளவுக்கு அறுத்துத் தைக்கப்போகிறார்கள். அங்கே நாலரை அடி வாசக்காலில் இன்னும் கதவுகூடப் போடவில்லையாம். வெயிலும் ஆடுகளும் தாராளமாக உள்ளே போய் வருகின்றனவாம்.