இரண்டாம் முறை காதை ஒட்டவைக்க ஒரு சனிக்கிழமை அலைச்சல்

கல்யாணத்துக்கு முன்னால், துருத்திக்கொண்டிருந்த என் காதுகளை ஆபரேஷன் செய்து ஒட்டவைத்தார்கள். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இடது காது மட்டும் மெல்ல மெல்ல பழையபடி வெளியே வந்துவிட்டது. கண்ணாடியைப் பார்த்தாலே எரிச்சல். மறுபடியும் செய்துகொள்ளலாமா என்று கேட்கத்தான் போன சனிக்கிழமை கிளம்பினேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக வழியையும் எழுதிவைக்கிறேன்.

மறைமலை நகரிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில், பத்து ரூபாய். அங்கிருந்து டாக்டரின் கிளினிக் இருக்கும் மேடவாக்கத்துக்கு பஸ். பதினோரு கிலோமீட்டர்தான், ஒரு மணி நேரம் இழுத்தது. ஜன்னல் சீட் கிடைத்தும் புண்ணியமில்லை. காற்றில் முடி விலகிவிடாமல் இடது காதைக் கையால் மூடிக்கொண்டே போனேன். கை வலித்ததுதான் மிச்சம்.

டாக்டர் காதுக்குப் பின்னாலிருந்த தழும்பைத் தடவிப் பார்த்தார். "ரெண்டாவது தடவை கொஞ்சம் கஷ்டம்மா, உள்ள இறுகிப்போயிருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கா? எவ்வளவு திரும்பி வந்திருக்குன்னு பார்க்கணும்."

எங்கே இருக்கும்? அத்தனையையும் அப்போதே கிழித்துப் போட்டுவிட்டேனே! கன்சல்டேஷன் அறுநூறு ரூபாய் தண்டம்.

அஸ்தினாபுரத்தில் இருக்கும் காலேஜ் தோழி நூர்ஜஹானுக்கு போன் போட்டேன். "க்ரூப் போட்டோ பீரோல இருக்குடி, வா" என்றாள். ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது. வழியில் தண்ணி லாரி ஒன்று குறுக்கே நின்றது. "அது ஊத்திட்டுத்தான் நவுரும்க்கா, இன்னா பண்ண சொல்ற?" என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு காதுக்காக இந்தப் பாடா என்று அழுகையே வந்துவிட்டது.

நூர்ஜஹான் டீயைக் கொடுத்துவிட்டு போட்டோவை என் மடியில் வைத்தாள். வெளிறிப்போன நாற்பது முகங்கள். வரிசை வரிசையாகப் பெரிய காதைத் தேடினேன். கடைசி வரிசை ஓரத்தில் கிடைத்தது.

"இதோ, நான்."

"லூசு, அது ஸ்டெல்லாடி! நீ முன்னால உக்காந்திருக்க பாரு, என் பக்கத்துல. ஈன்னு பல்லைக் காட்டிக்கிட்டு."

பார்த்தேன். முடியை இழுத்துப் பின்னி, காது இரண்டும் வெளியே தெரிய ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். காது கொஞ்சம் எடுப்புதான். அவ்வளவுதான். இதற்கா அறுத்தார்கள்?

"ஸ்டெல்லா காது பெரிசாடி?" என்றேன்.

"அப்படியா? நான் கவனிச்சதே இல்லையே" என்றாள்.

குரோம்பேட்டையில் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காதை மூடவில்லை. மூடுவதற்குக் கையில் தெம்பும் இல்லை. அப்படியே தூங்கிவிட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை வேண்டாம், மேடவாக்கம் நெரிசல் தாங்காது. பழைய போட்டோ இல்லாமல் போகாதீர்கள், டாக்டர் கட்டாயம் கேட்பார். ஆனால் அவரிடம் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை அதை நன்றாகப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமலே அறுத்துக்கொண்டவள்.