பள்ளிக்கூடம் இருக்கிறது, பிள்ளையைக் காணோம்

போன திங்கட்கிழமை காலை பதினொன்று ஏழுக்கு எல்லாம் கெட்டது. தொழிற்சாலையில் இருந்த எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "உங்கள் மகள் மதுமிதா இன்றைய வகுப்புக்கு வருகை தந்துள்ளார். புதிய கருவி." எந்தத் தகப்பனும் மகிழ வேண்டிய செய்திதான். நான் அதை இரண்டு முறை படித்தேன். திங்கட்கிழமை அவள் இணைய வகுப்பில் இருக்கவே கூடாது. நாங்கள் குடியிருக்கும் சிம்பாங் அம்பாட்டில், டயர் கடைக்கு மேல்மாடியில், கவிதா டீச்சர் நடத்தும் மையத்தில், நிஜ மேசைமீது நிஜ முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். நாங்கள் மலாக்காவுக்கு வந்து மூன்று வருடங்கள். இந்த மூன்று வருடங்களில் என் மகள் மூன்று விதமாகப் படித்துவிட்டாள். முதல் வருடம் மலாக்கா நகரத்தில் ஒரு தனியார் பள்ளி. இருட்டு விலகுமுன் வேன் வரும். எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டிப் போகும்போது தூங்குவாள், திரும்பி வரும்போதும் தூங்குவாள், நடுவில் படித்ததாகச் சொன்னார்கள். இரண்டாம் வருடம் தமிழ்நாட்டிலிருந்து நடக்கும் இணையப் பள்ளி. மேலே சீருடைச் சட்டை, கீழே பூப்போட்ட பைஜாமா. மதிப்பெண்கள் ஏறின, பேச்சு இறங்கியது. "சாப்பிட்டியாம்மா?" என்று நான் சமையலறையிலிருந்து கேட்டால், பக்கத்து அறையிலிருந்து கட்டைவிரல் படம் அனுப்புவாள். அதற்குப் பயந்துதான் இந்த வருடம் கலப்பு முறை: செவ்வாயும் வியாழனும் வீட்டில் திரைமுன் அதே இணையப் பள்ளி, மற்ற மூன்று நாள் கவிதா டீச்சரின் மையம்; மையம் இல்லாவிட்டால் அன்றைக்கும் இணைய வகுப்புதான். அங்கே ஷாலினி என்று ஒரு தோழி கிடைத்தாள். இப்போது வீட்டில் இந்த ஊர்க்காரர்கள் போல எல்லாவற்றுக்கும் "லா" போட்டுப் பேசுகிறாள். "சாப்பிட்டாச்சு லா அப்பா" என்று வாயால் சொல்கிறாள். அது முன்னேற்றம்தான்.

ஆனாலும் எனக்கு நிம்மதி இல்லை. பள்ளிக்கூடம் என்றால் ஒரு கேட், ஒரு மணி, ஒரு வாட்ச்மேன் வேண்டாமா? டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சத்தத்தில் பத்தாம் வகுப்புப் படித்தேன் என்று அவள் நாளைக்கு யாரிடமாவது சொல்ல முடியுமா? அதனால் மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, திருச்சிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இடம் கேட்டு வைத்திருந்தேன். அந்தத் திங்கட்கிழமை, இந்திய நேரம் காலை பத்து மணிக்குள் சரி என்று சொன்னால் இடம் உறுதி. இங்கே அது பன்னிரண்டரை. மதுவுக்கு இது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுவைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கவிதா டீச்சரைக் கூப்பிட்டேன்.

"இன்னிக்குக் கிளாஸ் இல்லியே சார். சனிக்கிழமையே கன்டி கிளாஸ் வச்சாச்சி லா. குரூப்ல போட்டேனே, பாக்கலியா?"

கன்டி என்றால் ஒரு நாள் வகுப்பை இன்னொரு நாளுக்கு மாற்றி ஈடுகட்டுவது. நல்ல ஏற்பாடுதான். நான் பதினோரு வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். பத்தில் காலை வணக்கம் வருகிறது. பதினோராவதில் வந்ததை நான் பார்க்கவில்லை.

சரி, வீட்டில்தான் இருப்பாள் என்று பத்து நிமிடத்தில் வீட்டுக்கு ஓடினேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் அவள் செருப்பு இல்லை. உள்ளே போனால் இணையப் பெட்டி சிவப்பு விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. மையம் இல்லை, வீட்டில் இணையம் இல்லை, பிள்ளையும் இல்லை. வருகைப் பதிவு மட்டும் இருக்கிறது!

கைப்பேசியில் பெற்றோருக்கான வழியாக வகுப்புக்குள் நுழைந்தேன். முப்பது சின்னச் சதுரங்கள். அதில் ஒன்றில் என் மகள். பின்னால் உயரமான ஒரு புத்தக அலமாரி. எங்கள் வீட்டில் அலமாரி கிடையாது. அவள் தலையை ஆட்டும்போது முடியின் ஓரத்தில் அலமாரி பிய்ந்து பிய்ந்து ஒட்டியது. ஒட்டுப்போட்ட பொய்ப் பின்னணி! அதற்குப் பின்னால் எந்த இடம் இருக்கிறதோ, யார் இருக்கிறார்களோ. எந்தப் பொத்தானைத் தொட்டேன் என்று தெரியவில்லை, என் குரல் முப்பது வீடுகளில் கேட்டது.

"மது! எங்கடி இருக்க?"

"சார், அவ இங்கதான சார் இருக்கா," என்றார் மதுரையிலிருந்து ஆசிரியை, மிகப் பொறுமையாக.

"இங்கன்னா எங்க மேடம்?"

"கிளாஸ்ல சார். டெஸ்ட் நடக்குது, மைக்க ஆஃப் பண்ணுங்க."

ஓரத்தில் "அப்பா ப்ளீஸ்" என்று ஒரு வரி வந்தது. மகளின் சதுரம் கறுத்தது. அடுத்த நொடி நான் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டேன். பள்ளியில் படித்த காலத்தில்கூட என்னை யாரும் வெளியே நிறுத்தியதில்லை.

வாசல்படியில் உட்கார்ந்தேன். திண்டுக்கல்லில் நான் படித்த பள்ளியில் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்போம். சொன்ன கையோடு என் மனது ஜன்னல் வழியாகப் பேருந்து நிலையத்துக்குப் போய்விடும், கடைசி மணிக்குத்தான் திரும்பும். பத்து வருடம் அப்படி இல்லாமலே இருந்தேன், ஒருவரும் என் அப்பாவுக்குச் செய்தி அனுப்பவில்லை. இவளோ பாடத்தைக் கவனித்து, கேள்விக்குப் பதில் சொல்லி, தேர்வெழுதிக்கொண்டு முழுசாக வகுப்பில் இருக்கிறாள். உடம்புதான் எங்கே என்று தெரியவில்லை. இதில் எது மோசம் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. இதை எழுதும்போதும் இல்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் காக் ரோஸ், அதாவது ரோஸ் அக்கா, என்று கூப்பிடுபவர், துணி உலர்த்திக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த மலாயைத் திரட்டி, "செக்கோலா அடா. அனாக் தா அடா" என்றேன். பள்ளி இருக்கிறது, பிள்ளை இல்லை. அவர், பிள்ளை இல்லாத ஏதோ ஒரு பள்ளிக்காக நான் வருந்துகிறேன் என்று நினைத்து ஆறுதலாகத் தலையாட்டினார். மதுவின் உயரத்தைக் கையால் காட்டிய பிறகுதான் புரிந்தது. புரிந்ததும் ஒரே கேள்விதான் கேட்டார்: அவள் அம்மாவிடம் கேட்டாயா?

கேட்கவில்லை. என் மனைவி செல்வி தங்கையின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் நம்மில் யார் ஊருக்குக் கெட்ட செய்தி சொல்லியிருக்கிறோம்? காய்ச்சல் விட்ட பிறகு காய்ச்சலைச் சொல்வோம். வேலை போனால், அடுத்த வேலை கிடைத்ததைச் சொல்வோம். பிள்ளையைக் காணோம் என்பதையும் கண்டுபிடித்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். காக் ரோஸ் இடுப்பில் கை வைத்து நின்றதால் கூப்பிட்டேன்.

"என்ன இந்நேரத்துல?" என்றாள் செல்வி.

"ஒண்ணுமில்ல. மது உங்கிட்ட பேசினாளா?"

"காலைல பேசினாளே. நெட் போயிருச்சாம்ல. ஷாலினி அம்மா சிம்பாங் அம்பாட் பசாருக்கு வந்தாங்களாம், அவங்க வேன்ல ஏறி கோலா சுங்கை பாருல அவங்க வீட்டுக்குப் போயிட்டா. டெஸ்ட்ட விட முடியாதாம். மதியம் அங்க காரமா மீன் சம்பால் வச்சுச் சாப்பாடாம். ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்," என்றேன்.

"தெரியாது," என்றாள் அவள். "வேலை நேரத்துல உங்களப் பயமுறுத்தக் கூடாதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கா."

கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்கு மதியக் குழம்புவரை தெரிகிறது. வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் வேலை செய்யும் நான் மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். கெட்ட செய்தியை மறைக்கும் வித்தையை என் பிள்ளை என்னிடமிருந்தே கற்றிருக்கிறாள். இந்தப் பாடத்தை எந்தப் பள்ளியும் நடத்தவில்லை.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு விடுதிப் பள்ளி அலுவலகத்திலிருந்து அழைப்பு.

"சார், பாப்பா சேருறாங்களா? லிஸ்ட்ட மூடணும்."

"பாப்பா வெளிய போயிருக்கா சார். வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"பாப்பாவக் கேக்கணுமா?" அவருக்கு அது புதிதாக இருந்தது. "அஞ்சு நிமிஷம்தான் சார் இருக்கு. இங்க வந்துட்டா உங்களுக்குக் கவலையே வேண்டாம். ஏழு மணிக்கு கேட்டப் பூட்டிருவோம்."

முந்தின நாள் கேட்டிருந்தால் அந்தப் பூட்டுச் சத்தம் காதில் தேனாகப் பாய்ந்திருக்கும். அன்றைக்கு எனக்குத் தோன்றியது வேறு: அந்தக் கேட்டுக்குள் அவளுக்கு வகுப்பு நின்றுபோனால், வேனில் ஏற்றிக்கொண்டு போக யார் வருவார்கள்? அவரிடம் இதைக் கேட்க முடியுமா? "வேண்டாம் சார், வேற பிள்ளைக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது நான்தானா என்று கொஞ்ச நேரம் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டரை மணிக்கு மேரி அக்காவின் வேன் வந்து நின்றது. ஷாலினியின் அம்மா அவர். என்னைவிட இளையவர்தான், ஆனால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அக்கா. இறங்கும்போதே சிரித்தார்.

"என்னாண்ணே, கிளாஸ்குள்ள பூந்து கத்துனீங்களாம்? எங்க வூட்டு நாய்கூட எந்திரிச்சி உக்காந்துச்சி! பிள்ள அழுதுகிட்டே டெஸ்ட் எழுதுது லா. வெக்கம்."

பின்னால் மது இறங்கினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன், "திருச்சிக்கு என்ன சொன்னீங்க?" என்றாள். அம்மா அதையும் சொல்லியிருக்கிறாள்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவள் செருப்பைக் கழற்றினாள். ஒன்று வாசலுக்கு உள்ளே, ஒன்று வெளியே கிடந்தது. பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்:

"அப்படின்னா, வீட்ல நெட் இல்லாம நாளைக்கு நான் எந்த ஊர்ல படிக்கறேன் லா, அப்பா?"