பெரியபாளையத்தில் மொட்டை, வாட்டர் பார்க்கில் பாஸ்

திருவள்ளூர் பக்கம் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு எங்கே போவது என்று தலையைச் சொறிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சொறிய என் தலையில் இப்போது ஒன்றும் இல்லை. அது வேறு கதை. இல்லை, அதுதான் இந்தக் கதை.

கவரைப்பேட்டை தாண்டி கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலையில் ஒரு பொழுதுபோக்கு பார்க் இருக்கிறது. பெயர் சொல்லப்போவதில்லை, விளம்பரத்துக்கு எனக்கு யாரும் காசு தரவில்லை. போன வருடம் அங்கே ஒரு ஃபேமிலி பாஸ் வாங்கினேன். நான், மனைவி கோமதி, நான்காவது படிக்கும் மகள் திவ்யா. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே கார்டு, ஒரே போட்டோ, வருடத்துக்கு 900 ரூபாய். ஒரு நாள் டிக்கெட் ஆளுக்கு 150. ஏழு முறை போய்விட்டோம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நானும் திவ்யாவும் ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் ஏறுவோம். கோமதி எதிலும் ஏற மாட்டாள். ஊஞ்சல் மாதிரி ஆடும் கொலம்பஸ் கப்பலுக்கு எதிரே ஒரு புங்கமரம் உண்டு, அதன் அடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

இந்தக் கோடையில் அங்கே வாட்டர் பார்க் கட்டினார்கள். அலையடிக்கும் குளம், நான்கு சறுக்கு, பெண்களுக்குத் தனியாக ஒரு குளம். சந்தோஷம்தான், ஆனால் கூடவே விலையும் மாறியது. ஃபேமிலி பாஸ் 2,100, ஒரு நாள் டிக்கெட் 300. தண்ணீர் வேண்டாம், பழையபடி ராட்டினம் மட்டும் போதும் என்றால் அப்படி ஒரு பாஸ் இனிமேல் கிடையாது. பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஆடித் தள்ளுபடி: 450 கட்டினால் புது பாஸாக மாற்றிக்கொள்ளலாம், அன்றிலிருந்து ஒரு வருடம் செல்லும். கார்டில் உள்ள எல்லோரும் நேரில் வர வேண்டும். ஆளைக் குறைத்துக்கொள்ளவும் முடியாது.

இதில்தான் எங்கள் வீட்டில் சண்டை. "நான் தண்ணியிலயே எறங்கப் போறதில்ல, அந்த நானூத்தியம்பதுல என் பங்குன்னு எதுக்கு நூத்தியம்பது ரூபா?" என்றாள் கோமதி. நியாயமான கேள்வி. பதில் தெரியாத கேள்விகளைத் தள்ளிப்போடுவது என் வழக்கம். தள்ளித் தள்ளி தள்ளுபடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து நின்றோம்.

அன்றைக்கே பெரியபாளையத்தில் ஒரு வேலையும் இருந்தது. பங்குனியில் திவ்யாவுக்கு டைபாய்டு வந்து பதினெட்டு நாள் படுத்துவிட்டாள். பிழைத்து எழுந்தால் அவள் முடியைத் தருவதாக பவானி அம்மனிடம் கோமதி வேண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு வரை தொங்கும் முடி. விஷயம் தெரிந்ததும் திவ்யா வீட்டையே இரண்டாக்கினாள். "வேண்டிக்கினது நீ, மொட்டை மட்டும் எனக்கா?" கடைசியில் கோமதி இறங்கி வந்து ஓர் ஒப்பந்தம் போட்டாள்: மொட்டை போட்ட அன்றைக்கே அலைக்குளம். துணைக்கு அப்பாவுக்கும் மொட்டை. என்னை யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடு இருக்கும் மணவாள நகரிலிருந்து ஷேர் ஆட்டோவில் (ஆளுக்கு 5 ரூபாய்) திருவள்ளூர் பஸ் ஸ்டாண்டு. 6.15 பஸ், பெரியபாளையம் சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், டிக்கெட் 9 ரூபாய். ஆடி ஞாயிறு என்பதால் வெங்கல் வரை நின்றுகொண்டே போனேன். முதலில் பார்க், சாயங்காலம் கோயில் என்று வைத்துக்கொள்ளலாமே என்று பஸ்ஸில் சொல்லிப் பார்த்தேன். "சாமி வேலைய முடிக்காம கூத்தடிக்கப் போறதா?" என்று ஒரு பார்வை பார்த்தாள் கோமதி. வாயை மூடிக்கொண்டேன். மூடியது தப்பு என்று பிறகு தெரிந்தது.

கோயிலில் வேப்பிலைச் சேலை கட்டிக்கொண்டு சுற்றுகிறவர்களின் நடுவே வழி கிடைக்கவே அரை மணி நேரம் ஆனது. மொட்டைச் சீட்டு 10 ரூபாய், கூடவே பாதி பிளேடு. முதல் சடை அறுந்து விழுந்தபோது கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திவ்யா அழவில்லை. முடிந்ததும் தலையைத் தடவிப் பார்த்து, "காத்து அடிக்குதுப்பா" என்றாள், அவ்வளவுதான். நான் மீசையையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். இருவர் தலையிலும் சந்தனம் பூசி, பொங்கல் வைத்துக் கும்பிட்டு, கடையில் நாஷ்டா முடித்தபோது மணி பத்தே கால்.

அங்கிருந்து ஆரணி வழியாகக் கவரைப்பேட்டை, சுமார் இருபது கிலோமீட்டர், 7 ரூபாய். (இது நம்ம பக்கத்து நெசவு ஆரணி, பட்டுக்குப் பெயர்போன வடாற்காட்டு ஆரணி இல்லை.) ஷேர் ஆட்டோ இன்னொரு ஐந்து ரூபாய். பதினொன்றரைக்கு பார்க் கவுன்ட்டரில் நின்றோம்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் கார்டைப் பார்த்தாள்.

"இதுல இருக்கிறவங்க வரலீங்களா சார்?"

"நாங்கதாம்மா அது."

"மேடம் மட்டும் ஓகே. நீங்க ரெண்டு பேரும் யாரு?"

அவள்மேல் தப்பில்லை. போட்டோவில் எனக்குச் சுருட்டை முடியும் அடர்ந்த மீசையும் இருந்தன. திவ்யாவுக்கு ரெட்டைச் சடை, நெற்றியை மூடிய முடி. இப்போது நாங்கள் சந்தனம் பூசிய இரண்டு உருண்டைகள். மூன்று பேரில் அடையாளம் தெரிந்தது, தண்ணீரே வேண்டாம் என்று சொன்ன ஓர் ஆள்தான்.

"முடி வளந்ததும் வாங்க சார்."

"வளர்றதுக்குள்ள உங்க ஆஃபர் முடிஞ்சிடுமேம்மா."

"ஆமா சார், இன்னிக்கு அஞ்சு மணியோட க்ளோஸ்."

சட்டைப் பையில் கிழித்துக் கொடுத்த மொட்டைச் சீட்டுகள் இருந்தன. நீட்டினேன். யாரோ இரண்டு பேர் இன்று மொட்டை போட்டார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி, அந்த இரண்டு பேர் நாங்கள்தான் என்பதற்கு இல்லை. பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்து கையெழுத்துப் போடச் சொன்னாள். போன வருட பாரத்தில் இருந்ததோடு ஒத்துப்போனது. நான் தப்பித்தேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கையெழுத்து ஏது? "பக்கத்து ஊட்டு பசங்களை எல்லாம் கார்டுல இட்டாந்துடறாங்க சார், அதான் இவ்ளோ ஸ்டிரிக்ட்டு" என்றாள் அவள். மூன்று பேருக்கும் ஒரு நாள் டிக்கெட் எடுக்கலாம் என்றால் தொள்ளாயிரம் ஆகும். பையில் இருந்தது எழுநூறு.

திவ்யா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம்தான் கேட்டாள். "சாமியாண்ட சொன்னத செஞ்சிட்ட. என்னாண்ட சொன்னது?"

கோமதியின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. ரேஷன் கடையில்கூட எதிர்த்துப் பேசாதவள், கவுன்ட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இந்தாம்மா, கப்பல் ஓட்டற அண்ணன இட்டா. எம் பொண்ண அவருக்குத் தெரியும். ஏழு வாட்டி வந்துக்கிறோம், நான் அந்த மரத்தாண்டதான் குந்திக்கினு இருப்பேன்."

இருபது நிமிடம் கழித்து, கையில் கிரீஸைத் துடைத்தபடி கப்பல் ஓட்டும் முனிரத்தினம் வந்தார். ஆந்திர எல்லையில் இருக்கும் ஆரம்பாக்கத்துக்காரர், பாதித் தமிழ் பாதித் தெலுங்கு. திவ்யா கூச்சத்தில் அம்மாவின் முந்தானைக்குள் தலையை மறைத்துக்கொண்டாள். அவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"அந்தப் பாப்பான்னா சொல்லட்டும். நம்ம கப்பல்ல எங்க குந்துவே?"

முந்தானைக்குள்ளிருந்து சின்னதாகப் பதில் வந்தது. "கடைசி வரிசை. மோட்டார் பக்கத்து ஓரம்."

"நான் நிறுத்தச் சொல்ல நீ இன்னா சொல்லுவே?"

திவ்யா முந்தானையைத் தள்ளிவிட்டு, மொட்டைத் தலையை நிமிர்த்தி, அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்: "அண்ணே! இன்னொரு வாட்டி!"

முனிரத்தினம் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதே தொண்டைதாம்மா. ஒரு வருசமா பேஜாரு பண்ணுது. தலை மாறிட்ச்சி, தொண்டை மாறல நைனா" என்று என் முதுகில் தட்டினார். சட்டையில் கிரீஸ் கறை. துவைத்தும் போகவில்லை, நான் கவலைப்படவும் இல்லை.

கவுன்ட்டர் பெண் பாரத்தில் 'கோயில் மொட்டை, ஆபரேட்டர் அடையாளம் சொன்னார்' என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கி, மொட்டைச் சீட்டையும் சேர்த்துப் பின் அடித்தாள். 450 கட்டினேன். புது போட்டோ எடுத்துப் புது கார்டு தந்தாள்.

குளத்தில் இறங்கும் முன் ஷவரில் சந்தனத்தைக் கழுவச் சொன்னார்கள். கோயில் சந்தனம் ஆயிற்றே என்று கோமதி கொஞ்சம் தயங்கினாள். பிறகு தானே கூட்டிப்போய், கன்னத்தில் ஒட்டியதைக்கூட விடாமல் கழுவிவிட்டாள். புதிதாக மழித்த தலையில் குளோரின் தண்ணீர் பட்டால் எப்படி எரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் துள்ளிக் குதித்து வெளியே வந்தேன். திவ்யா வரவில்லை. முதல் அலை அடித்ததும் அவள் போட்ட சத்தம் கொலம்பஸ் வரை கேட்டிருக்கும்.

திரும்பிப் பார்த்தால் கோமதியைக் காணோம். பெண்கள் குளத்துப் பக்கத்திலிருந்து வாடகை நைலான் உடுப்பிலும் ரப்பர் தொப்பியிலும் ஒருத்தி கையை ஆட்டினாள். யாரோ என்று நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன். அப்புறம் வேலி ஓரமாகப் போய், "என்ன, நீயா?" என்றேன். "காசு கட்டிட்டு கரையில குந்திக்கினு இருக்க நான் இன்னா லூசா?" என்றாள். வேண்டாதவர் தலையிலும் தண்ணீரைக் கட்டுகிறார்களே என்று அந்த பார்க்குக்காரர்களை ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன். தனி பாஸ் மட்டும் இருந்திருந்தால் கோமதி இன்றைக்கும் புங்கமரத்தடியில்தான் இருந்திருப்பாள். அந்த விலை சரி என்று இதை எழுதும்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவள் மூன்று மணி நேரம் தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வருடத்தில் மூன்று முறையாவது போவீர்கள் என்றால் 2,100 பாஸ் எடுங்கள். இரண்டே முறை என்றால் ஒரு நாள் டிக்கெட்தான் லாபம். பருத்தித் துணியோடு குளத்தில் விடமாட்டார்கள். நானும் திவ்யாவும் வீட்டிலிருந்தே நைலான் உடுப்பு கொண்டுபோயிருந்தோம்; அங்கே வாடகை 40, முன்பணம் 100, திருப்பித் தந்துவிடுவார்கள். புளிசாதம் கொண்டுபோக விட்டார்கள், உள்ளே சாப்பாடு விலை அதிகம். கோயிலும் பார்க்கும் ஒரே நாளில் என்றால், சாமி கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, பாஸை முதலில் மாற்றுங்கள். மாற்றிவிட்டு மொட்டை போட்டால் மட்டும் என்ன, அடுத்த முறை அதே தொல்லைதான் என்பீர்கள். வாஸ்தவம். எங்கள் புது கார்டில் இரண்டு மொட்டை இருக்கிறது. முடி வளர வளர கேட்டில் என்ன சொல்லப்போகிறார்களோ.

ஐந்தே காலுக்குக் கிளம்பி, கவரைப்பேட்டையில் பஸ் பிடித்து, பெரியபாளையத்தில் மாறினோம். அங்கிருந்து உட்கார இடம் கிடைத்தது. கோமதியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்த திவ்யா தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அம்மா, மறுபடியும் காய்ச்சல் வந்தா மறுபடியும் என் முடியா?"

"வராது. தூங்கு."

"வந்தா?"

கோமதி, தொப்பியையும் மீறி நனைந்து இன்னும் ஈரம் காயாத தன் பின்னலை முதுகிலிருந்து எடுத்து, மகளின் கையில் வைத்தாள்.

"வந்தா இது" என்றாள்.

திவ்யா அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். திருவள்ளூரில் இறங்கும்போது அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.