ஆணி நிற்காத சுவர்

வாசல் மணி அடித்தால் கடிகாரக்காரர் முதலில் கதவுப் பக்கம் போகமாட்டார். சுவர்ப் பக்கம்தான் போவார். கூடத்தில் மாட்டியிருக்கும் போட்டோவைக் கழற்றி அழுக்குத்துணிக் கூடைக்குள் செருகி, அந்த இடத்தில் காலண்டரைத் தொங்கவிட்டு, பிறகுதான் "இதோ வந்துட்டேன்" என்பார். வந்தவர் போனதும் போட்டோ மறுபடி சுவரேறும். முப்பது வருடமாக இதே கூத்து. ஒவ்வொரு தடவையும் ஆணியோடு கொஞ்சம் காரை உதிரும். அதைப் பெருக்குகிறவர், அவரோடு அந்த வீட்டில் வாழும் தையற்காரர்.

போட்டோவில் இருப்பது இவர்கள் இரண்டு பேரும்தான். மீசை அரும்பிய காலத்தில் ஸ்டூடியோவில் எடுத்தது. அங்கே நாற்காலி ஒன்றுதான் இருந்தது. கடிகாரக்காரர் உட்கார்ந்திருக்க, தையற்காரர் அவர் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்திருக்கிறார். இரண்டு சட்டையும் ஒரே கோடு போட்ட துணி, தையற்காரர் தைத்தது. தோளும் தோளும் சேரும் இடத்தில் கோட்டோடு கோடு ஒட்டும்படி பார்த்துப் பார்த்து வெட்டியிருந்தார். அப்படி வெட்டினது கூடைக்குள் கிடப்பதற்கா என்பது அவர் வாதம்.

ஓட்டையில் சோப்பை அடைத்துப் பார்த்தார், ஈரக் காகிதத்தை அடைத்துப் பார்த்தார். ஆணி நிற்கவில்லை. காலண்டரும் போட்டோவைவிடச் சின்னது. அதைச் சுற்றி மங்காத பெயிண்ட் நாலு பக்கமும் எட்டிப் பார்க்கும். வருகிறவர்கள் கண் நேராக அங்கேதான் போகும்.

"சிலிண்டர் தூக்கிட்டு வர்றவன்கிட்ட என்னய்யா மானம் போகுது?" என்பார் தையற்காரர்.

"உலகம் ஒரே மாதிரி இருக்காதுப்பா."

"உலகம் எங்க வந்துச்சு? சிலிண்டர்தானே வந்துச்சு."

போன மாதம் தையற்காரருக்குப் பொறுமை தீர்ந்தது. உதிர்ந்த காரையை ஓர் அட்டையில் அள்ளிவந்து, கடிகாரக்காரர் மேசையில், பிரித்துப் போட்ட பல்சக்கரங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இன்னொரு தடவை போட்டோவைக் கழட்டினா தையல் மிஷினைத் தூக்கிட்டு என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீ காலண்டரோடயே குடும்பம் நடத்து."

கடிகாரக்காரர் கண்ணிலிருந்த லென்ஸை எடுக்காமலே தலையாட்டினார். தையற்காரர் வாய்ப்பேச்சோடு விடவில்லை. அன்றே மிஷின் பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. கடிகாரக்காரரின் கால் தானாக நடந்தது. வந்தது அந்தத் தங்கையேதான். தாழ் போடாத கதவைத் தள்ளிக்கொண்டு அவள் உள்ளே நுழையவும், இவர் பதறிப்போய்ப் படத்தை இழுக்கவும் சரியாக இருந்தது. ஆணியும் உள்ளங்கையளவு காரையும் சேர்ந்து வந்தன. படம் அவள் காலடியில் விழுந்து கண்ணாடி தெறித்தது.

தையற்காரர் யாரையும் பார்க்காமல் மிஷின் மூடியை எடுத்து மாட்ட ஆரம்பித்தார்.

தங்கை குனிந்து போட்டோவை எடுத்து, கண்ணாடித் தூளை உதறினாள். "இது உங்ககிட்டயும் இருக்கா?"

"உங்ககிட்ட இருக்கா?" என்றார் கடிகாரக்காரர்.

"ஸ்டூடியோக்காரர் அப்பவே அம்மாகிட்ட ஒரு காப்பி குடுத்துட்டாரே. எங்க ஹால்லதான் மாட்டியிருக்கு. நீங்க ரெண்டு பேரும் வர்றப்ப மட்டும் கழட்டி பீரோவுல வெச்சிடுவோம். பார்த்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார். எங்க சுவரும் போச்சுண்ணா."

தையற்காரர் மூடியைக் கீழே வைத்தார். தங்கையைப் பார்த்தார், கடிகாரக்காரரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"இப்ப நான் மிஷினை எங்கதான் தூக்கிட்டுப் போறது? அங்கயும் இதே பைத்தியந்தானா?"

கடிகாரக்காரர் போய்த் துடைப்பத்தை எடுத்துவந்தார். அந்த வீட்டில் அவர் காரை பெருக்கியது அதுதான் முதல் தடவை. மூலையை விட்டுவிட்டுப் பெருக்கினார். தையற்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

இப்போது படம் புதுக் கண்ணாடியோடு எதிர்ச்சுவரில், திருகாணியில் இருக்கிறது. மிஷினுக்கு பெல்ட் மாட்டியாகிவிட்டது. மணி அடித்தால் கடிகாரக்காரர் இன்னும் முதலில் சுவர்ப் பக்கம்தான் போகிறார். படத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வந்து கதவைத் திறக்கிறார்.